அவர் ஒரு தடவைதான் இருமுவார்

கழுவு தொட்டியில் இரண்டு கிண்ணங்கள் கிடந்தன. ஜோசியான் ஒன்றில்தான் காபி குடித்திருந்தாள்.

இரண்டாவதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் காபியின் பழுப்பு வளையம் இல்லை. கொஞ்சம் தண்ணீர், அதில் மெல்லிய மண் நிறம், மழை விட்ட மறுநாள் தோட்டத்து வாளியில் தேங்கிக் கிடக்குமே அப்படி, ஊசி அளவு ஒரு இலை நரம்பும் மிதந்தது. நேற்று வந்த களைப்பில் தானே எடுத்திருக்க வேண்டும் என்று சமாதானம் செய்துகொண்டு இரண்டையும் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாள். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு என்பதால், வாசல் பக்கச் சுவரில் வீட்டுக்காரி பாத்திரப் பட்டியல் ஒட்டியிருந்தாள். கிண்ணம் ஆறு. அலமாரியிலும் ஆறு. எல்லாம் சரியாகவே இருந்தது.

ஜோசியான் கெர்வெல்லாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தூர் நகரத்தில் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறாள். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் கணவர் ரெஜிஸ் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பாதிக் கன்னத்தில் நுரை இருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், அக்டோபர் கடைசி வாரத்துக்கு இந்தக் கல்வீட்டை அவர் பிடித்து வைத்திருந்தார். கொரேஸ் பக்கத்துக் காட்டோரம், இரண்டு பேர், ஏழு நாள். முப்பது வருடத்தில் ஒரு இலையுதிர் காலத்திலாவது இருவருக்கும் ஒன்றாக விடுப்பு கிடைத்ததில்லை. இந்த வருடம் கிடைத்திருந்தது.

போகாதே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தங்கை ஆர்லெத் வீட்டுக்கே வந்து நின்றாள்.

"கல்லறைத் திருநாள் வருது. ஊரே கல்லறையைத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டு இருக்கும்போது நீ உல்லாசப் பயணம் போறியா? ரெண்டு பேருக்குன்னு எடுத்த வீட்ல ஒத்தையா உக்காந்து என்னதான் பண்ணப் போற?"

"சமைச்சுச் சாப்பிடப் போறேன்" என்றாள் ஜோசியான். "சனிக்கிழமை திரும்பி நேரா கல்லறைக்குத்தான் வருவேன். பூவோட. நீ உன் பாட்டுக்குத் தேய்."

அப்படித்தான் வந்து சேர்ந்திருந்தாள். பண்ணை வீட்டைத் தாண்டி ஒரு மண் பாதை, பாதை முடியும் இடத்தில் வீடு, பின்னால் செஸ்ட்நட் மரக்காடு. நாள் முழுக்கக் காய்கள் முள்ளோடு விழுந்துகொண்டே இருக்கும் சத்தம். கைபேசி வேலை செய்ய வேண்டுமென்றால் சாலையோரத்துக் கற்சிலுவை வரை நடக்க வேண்டும். வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான், குளிர்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளியிருந்தார்கள். ஐந்தரைக்கே மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் வடிந்து, ஈர இலை வாசம் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

பிப்ரவரியிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலியைப் பார்த்து ரெஜிஸிடம் பேசுவாள். முதல் நாள் மாலையே, வழியில் ஒதுங்காமல் வந்த லாரிக்காரனைப் பற்றி, கணப்பு பற்றிக்கொள்ள அடம்பிடித்ததைப் பற்றி, சூப்பில் உப்பு குறைந்ததைப் பற்றி எல்லாம் பேசியிருந்தாள். தூரில் அவள் பேசியதை யாரும் கேட்டதில்லை. இங்கே யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அது அவளுக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. நாலு மணி இருக்கும். கணப்பின் முன்னால் உட்கார்ந்து, சுட்ட செஸ்ட்நட்டின் தோலை நகத்தால் கீறி உரித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனி எரிந்தது. வெளியே காற்று நின்றுபோன நேரம். மாடியில், அவள் படுக்கும் அறையில், யாரோ இருமினார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு முறை, ஆள் பார்க்க வேண்டுமென்று இருமுவது போல.

பயத்துக்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு நினைத்துப் பார்த்தபோதும் அவளுக்கு அது வியப்பாக இருந்தது. மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள்.

"அவர் ஒரு தடவைதான் இருமுவார்!"

மாடி அமைதியானது. கணப்பில் ஒரு விறகு உடைந்து சரிந்தது. நெருப்பைக் கிளறும் கம்பியை எடுத்துக்கொண்டு படியேறினாள். அறையில் ஆள் இல்லை. அலமாரிக்குள் அவளுடைய மழைக்கோட்டு மட்டும் தொங்கியது. கட்டிலில் அவள் படுக்காத பக்கத்தில், போர்வை மேல் ஒரு உடம்பளவு பள்ளம். கை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. அழுகிய உருளைக்கிழங்கும் நனைந்த சருகும் கலந்த நிலவறை வாடை தலையணையிலிருந்து எழுந்தது.

"ரெஜிஸ் மேல இந்த நாத்தம் வராது" என்றாள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "லாவண்டர் சோப்பு. வேற எதையும் அவர் தொடமாட்டார்."

கீழே வந்து கணப்பருகிலேயே நாற்காலியில் முடங்கினாள். ஆறு மணி வாக்கில் மாடியிலிருந்து இருமல் வந்தது. வறண்ட, சின்ன இருமல். ஒரே ஒரு தடவை. ஸ்விட்சை அணைத்த மாதிரி. முப்பது வருடம் அவள் காதில் விழுந்த அதே இருமல்.

செவ்வாய் காலை போர்வையில் லாவண்டர் வாசம் அடித்தது. அதற்கு அடியில் சருகு வாடை அப்படியே இருந்தது.

பண்ணை வீட்டுக்கு நடந்தாள். வீட்டுக்காரி மதாம் லபோரிக்கு எழுபது வயதிருக்கும். கொட்டகை வாசலில் உட்கார்ந்து வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஜோசியான் கிண்ணத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். கிழவியின் கைகள் பாதியில் நின்றன.

"நீங்க அதுகிட்ட பேசினீங்களா, மதாம்?"

"அதுகிட்ட இல்ல. என் புருஷன்கிட்ட."

"அவர் பின்னால வந்து சேருவார்னு நினைச்சேன். ரெண்டு பேர்னுதானே எழுதியிருந்தார்."

"செத்துப் போயிட்டார்."

மதாம் லபோரி வாத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். ஒற்றை ஆளுக்கு அந்த வீட்டைத் தான் கொடுப்பதே இல்லை என்றாள். குழந்தை குட்டியோடு சத்தமாக வருபவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. என்ன அது என்று கேட்டதற்கு, தனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை என்றாள். மீதி நாளுக்குத் தன் வீட்டு மாடியறையில் தங்கிக்கொள்ளலாம், துணிமணியை எடுக்கக்கூடத் திரும்பிப் போக வேண்டாம் என்று ஜோசியானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜோசியான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"அவரோட இருமல் அதுகிட்ட இருக்கு. சோப்பு வாசனை இருக்கு. நானேதான் எடுத்துக் கொடுத்தேன். அதை அங்க விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

"அது உங்க வீட்டுக்காரர் இல்ல, மதாம்."

"தெரியும். அதனாலதான் போறேன். சனிக்கிழமை பத்து மணி வரைக்கும் அது என் வீடு."

இனி அந்த வீட்டுக்குள் வாயே திறப்பதில்லை என்று பாதை நெடுக முடிவு செய்துகொண்டாள். திருத்தினால்தானே கற்றுக்கொள்ளும்.

புதன்கிழமை காலை ரொட்டி வண்டி ஹாரன் அடித்தது. வாரத்தில் இரண்டு நாள் வரும். ஓட்டி வரும் பெண் கன்னம் சிவந்த பேச்சுக்காரி. ஜோசியான் வாசலுக்கு வருவதற்குள் இரண்டு நீள ரொட்டிகளைத் தாளில் சுற்றி நீட்டினாள். ஒன்று போதும் என்றாள் ஜோசியான்.

"உங்க வீட்டுக்காரர் ரெண்டுன்னு காட்டினாரே" என்று அவள் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். "அந்த வளைவுல நின்னார், மரத்தோரமா. பேசவே மாட்டார் போல. நீங்கதான் வீட்ல பேசுறவங்களா?" சிரித்தாள். "வலது கால் வலிக்குதா அவருக்கு? இழுத்து இழுத்து நடந்தாரே."

ரெஜிஸ் தாங்கி நடப்பது இடது காலை. அந்தச் சொல் ஜோசியானின் நுனி நாக்கு வரை வந்தது. பாதையின் வளைவில் பனிமூட்டம் நின்றுகொண்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு ரொட்டியையும் வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் அன்று முழுக்க அவள் பேசவில்லை. வெங்காயம் நறுக்கியபோது விரலில் பட்டது, கத்தவில்லை. வீடு காத்திருந்தது. மூன்று மணிக்கு மாடியில் நடை தொடங்கியது. வலது காலை இழுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை. நின்றது. அவள் ஏதாவது சொல்வாளா என்று கேட்பது போன்ற ஒரு நிற்றல். பிறகு இடது காலை இழுத்துக்கொண்டு ஜன்னலிலிருந்து கட்டில் வரை. மறுபடி நின்றது. மறுபடி வலது. அதற்குப் பிறகு இருமல்கள், ஈர இருமல், கிழட்டு இருமல், குழந்தை இருமல், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே காத்திருப்பு. மேல் தளப் பலகைகளுக்கு நடுவிலிருந்து தூசு அவள் வெட்டிய வெங்காயத்தின் மேல் உதிர்ந்தது.

வியாழன் மதியம் அது அவளைக் கூப்பிட்டது.

"ஜோசியான்."

அவளுடைய சொந்தக் குரல். அந்த வீட்டில் அது கேட்டிருந்த ஒரே குரல். பேருந்தில் இருபத்தாறு வருடம் கத்திக் கரகரத்துப் போன அவள் குரலிலேயே, மாடிப்படியின் மேல் முனையிலிருந்து, அவள் பெயர்.

"ஜோசியான். ஜோசியான்?"

ரெஜிஸ் அவளை ஒருபோதும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜோ என்பார். அதைத்தான் அது கேட்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இருமல் போயிற்று, சோப்பு போயிற்று, இனி இந்த ஒற்றை எழுத்து. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார்ச் சாவி கதவோரத்து ஆணியில் தொங்கியது. எடுக்கக் கை போனது. பாதி வழியில் கையை மடக்கினாள்.

கற்றுக்கொள்ளத்தானே வந்திருக்கிறது? கற்றுக்கொள்ளட்டும்.

லீக்ஸ் வெங்காயத் தாளும் உருளைக்கிழங்கும் போட்டுச் சூப் வைத்தாள். வெளியே வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. இரண்டு கிண்ணம் எடுத்து வைத்தாள். இரண்டிலும் ஊற்றினாள். மாடிப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு நாளுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் முதல் முறையாகப் பேசினாள்.

"நீ எதையும் ஒழுங்கா செய்யல. ரெஜிஸ் எப்படின்னு நான் சொல்றேன். கேட்டுக்கோ."

மேலே பலகை முனகியது. படியில் ஒரு காலடி. அடுத்த காலடி. இறங்கி வந்துகொண்டிருந்தது.

"ரெஜிஸுக்குக் கண் கிடையாது."

காலடி தடுமாறியது. தோள்பட்டை சுவரில் உரசும் சத்தம். தடவித் தடவி ஒரு படி. இன்னொரு படி. அவள் சூப்பையே பார்த்தாள். ஆவி அவள் முகத்தில் பட்டது. கழுத்தின் பின்புறம் மட்டும் பனியாய்க் குளிர்ந்தது.

"ஜோசியான்" என்றது அவள் குரல், காதுக்கு மிக அருகில். "ஜோசியா—"

"வாயும் கிடையாது."

நின்றுபோனது. வெட்டியது போல. மூக்கால் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும். லாவண்டர். சருகு. லாவண்டர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடி வயிற்றிலிருந்து வந்தது. இருபத்தாறு வருடத்தில் குடிகாரர்களையும் கத்திக்காரர்களையும் வண்டியை விட்டு இறக்கியிருக்கிறாள். அந்தக் குரலிலேயே சொன்னாள்.

"ரெஜிஸ் வீட்டுக்குள்ள இருக்கமாட்டார். வெளியிலதான் நிப்பார். இறங்கு."

நாற்காலிக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. கதவு திறந்தது. ஈரக் காற்று. கதவு மூடியது. வாசற்கல் மேல் ஒரு கனம் நின்றது.

"கதவு திறக்கத் தெரியாது அவருக்கு" என்றாள். குரல் உடைந்தது. இறுக்கிக்கொண்டாள். "எப்படித் தெரியும்? கையே கிடையாதே."

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.

பிறகு வாசற்கல்லில் சத்தம்.

தொப்.

தொப்.

அவள் சூப்பைக் குடித்தாள். கரண்டி பல்லில் மோதிக்கொண்டே இருந்தது, ஆனால் குடித்து முடித்தாள். எதிர்க் கிண்ணத்தையும் இழுத்து அதையும் குடித்து முடித்தாள்.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. வாசற்கல் காய்ந்து, சுத்தமாக இருந்தது. வீட்டில் வெறும் வீட்டு வாசம், புகையும் மெழுகும். அவள் காட்டுக்குள் போய்க் காளான் பறித்து வந்து முட்டையோடு வறுத்துத் தின்றாள். கிராமத்துக்கு நடந்து, ரெஜிஸின் கல்லறைக்கு மஞ்சள் சாமந்தித் தொட்டி ஒன்று வாங்கினாள். திரும்பும்போது மதாம் லபோரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இறக்கி விட்டுட்டேன்" என்றாள் ஜோசியான். கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அன்று ஒன்பது மணி நேரம் தூங்கினாள். பிப்ரவரிக்குப் பிறகு அப்படித் தூங்கியதில்லை.

சனிக்கிழமை காலை பனிமூட்டம் வீட்டைச் சுற்றிப் பால் போல நின்றது. அவள் அவசரப்படவில்லை. விதிப்படி தரையைக் கூட்டித் துடைத்தாள். கணப்புச் சாம்பலை அள்ளினாள். ஆறு கிண்ணத்தையும் எண்ணி அடுக்கினாள். விருந்தினர் புத்தகத்தில், ஒரு கெர்வெல்லா ஏழு நாளும் தங்கினாள், சூப் நன்றாக வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பத்து அடிக்க ஐந்து நிமிடம். வீட்டுச் சாவியை அதன் பெட்டியில் வைத்துவிட்டு, சாமந்தித் தொட்டியைப் பின் இருக்கையில் பத்திரமாக நிறுத்தினாள். ரெஜிஸின் முகத்தை மனதில் வரவழைத்துப் பார்த்தாள். வந்தது. கண், வாய், நுரை ஒட்டிய கன்னம், எல்லாம் இருந்தது. அவருடையது எதையும் இங்கே விட்டுப் போகவில்லை.

காரை எடுத்தாள். முன்னால் வீட்டை ஒட்டிய கொட்டகைச் சுவர். பின்னால் போய்த்தான் பாதையைப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் கல்வேலி, ஒரு பக்கம் பள்ளம். கண்ணாடியில் வெறும் வெள்ளை. பின் கியரைப் போட்டு மெல்ல விட்டாள். சக்கரத்தடியில் செஸ்ட்நட் முள் நொறுங்கியது. ஒரு அடி. இரண்டு அடி. மூன்று.

டிக்கியில் தட்டும் சத்தம்.

இரண்டு முறை.

அவள் கால் தானாக பிரேக்கை மிதித்தது. முப்பது வருடப் பழக்கம். பன்னிரண்டு மீட்டர் பேருந்தை ஊர் சந்தெல்லாம் திருப்புகிறவள் என்று தெரிந்தும், அவள் காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் ரெஜிஸ் இறங்கிப் பின்னால் போய் நிற்பார். கையை ஆட்டி வா வா என்பார். போதும் என்றால் டிக்கியில் இரண்டு தட்டு. எத்தனையோ முறை அதற்காகத் திட்டியிருக்கிறாள். கேட்கமாட்டார்.

அதை அவள் அந்த வீட்டில் சொல்லவில்லை. எதிர் நாற்காலியிடமும் சொல்லவில்லை. ஆர்லெத்துக்குக்கூடத் தெரியாது.

தட்டிய சத்தம் மெதுவாக இருந்தது. விரல் எலும்பின் சத்தம் இல்லை. சதையின் சத்தம்.

"ரெஜிஸ்?" என்றாள்.

கண்ணாடியில் பனி கொஞ்சம் விலகியது. பள்ளத்தின் விளிம்பில் அவர் நின்றுகொண்டிருந்தார். கண்ணும் வாயும் இருக்க வேண்டிய இடமெல்லாம் வழவழப்பாக மூடிக் கிடந்த முகத்தை அவள் பக்கம் திருப்பி, மணிக்கட்டோடு முடிந்துபோன இரண்டு கைகளையும் உயர்த்தி, பொறுமையாக, அந்த மொட்டைக் கைகளால் அவளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார்.

வா. வா. இன்னும் இருக்கு. வா.